இறந்த நாயகன் எழுந்து வந்த கதை: ரம்போ நாவல்களும் நம் வாசகர் அபிப்பிராயங்களும்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மாதமொரு நூல் என்ற ஏற்பாடு பல வருடங்களாக நடந்து வருகின்றது. கவிதைத் தொகுதி, சிறுகதைத் தொகுதி, இடையிடையே ஒரு நாவல் என்று போய்க்கொண்டிருந்த ஒழுங்கில் அண்மையில் நான் ஒரு குழப்பத்தைச் செய்தேன். பழைய புத்தகக் கடையொன்றில் ஒரே கட்டில் அகப்பட்ட இரண்டு ஆங்கில நாவல்களை மேசையில் வைத்தேன். ஒன்று டேவிட் மொறல் 1972இல் எழுதிய 'பெர்ஸ்ட் பிளட்'. மற்றது அதே மொறல் 1985இல், சினிமாப் படமொன்றைத் தழுவி எழுதிய 'ரம்போ: பெர்ஸ்ட் பிளட் பாகம் இரண்டு'. ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்கள் வாசித்தார்கள். ஏனையோருக்கு நானும் ஓர் ஆசிரிய நண்பரும் கதையைச் சொல்லி, முக்கியமான பக்கங்களை வாய்மொழியாகத் தமிழாக்கினோம்.

இஷாவுக்குப் பின் தொடங்கிய பேச்சு அன்று நள்ளிரவு வரை நீண்டது. எந்தக் கவிதைத் தொகுதிக்கும் இவ்வளவு அபிப்பிராயங்கள் எழுந்ததில்லை. அவற்றுள் சிலவற்றைப் பதிவு செய்வதும், அவை பற்றி என் மனதில் பட்டதைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

அபிப்பிராயங்களுக்குப் போகுமுன் இந்நூல்களின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்வது அவசியம். ரம்போ என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது நெற்றியில் துணி கட்டிய சில்வெஸ்டர் ஸ்டலோனின் உருவமே. அந்த உருவத்துக்கு முன்னரே ஒரு புத்தகம் இருந்தது என்பது வட்டத்தில் இருந்த பலருக்குப் புதிய செய்தி. மொறல் 1943இல் கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் கற்பித்தவர். வியட்நாமிலிருந்து திரும்பி வந்து வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர்களைக் கண்டவர். அந்தப் போர் அமெரிக்காவின் ஒரு சிற்றூருக்குள்ளேயே வெடித்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வியிலிருந்தே 'பெர்ஸ்ட் பிளட்' பிறந்தது.

கதை எளிமையானது. கென்டக்கி மாநிலத்து ஊரொன்றுக்கு நீண்ட தலைமயிரும் தாடியுமாக ஓர் இளைஞன் நடந்து வருகின்றான். ஊரின் பொலிஸ் தலைவர் டீஸில் அவனை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுகின்றார். அவன் திரும்பி வருகின்றான். மீண்டும் கொண்டுபோய் விடுகின்றார். மீண்டும் வருகின்றான். இந்தப் பிடிவாதம் கைதாகி, தப்பியோட்டமாகி, கொலையாகி, கடைசியில் ஊரே எரிகின்றது. அந்த இளைஞனுக்கு நாவலில் முதற்பெயர்கூட இல்லை, ரம்போ மட்டுந்தான். 'ஜோன்' என்பது சினிமா வைத்த பெயர்.

இந்நாவலின் பிரதான அம்சம் அதன் அமைப்பு. ஓர் அத்தியாயம் ரம்போவின் பக்கம் நின்றால், இன்னோர் அத்தியாயம் டீஸிலின் பக்கம் நிற்கின்றது. டீஸில் சினிமாவில் வருவது போன்ற முரட்டு வில்லன் அல்லர். கொரியப் போரில் வீர விருது பெற்றவர். மனைவி பிரிந்து போன வீட்டில் தனியாக வாழ்பவர். அவருடைய போரை ஊர் மறந்துவிட்டது. இவனுடைய போரை ஊர் பார்க்கவே விரும்பவில்லை. இரண்டு போர்வீரர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுகின்றார்கள். இறுதியில் இருவருமே இறக்கின்றார்கள். ரம்போவைச் சுட்டுக் கொல்வது அவனைப் போன்றவர்களைப் பயிற்றுவித்த படைப்பிரிவின் அதிகாரி ட்ரவுட்மன். அவருடைய கையில் இருப்பது ஒரு ஷொட்கன். இந்தத் துப்பாக்கியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். பின்னர் அதற்கு ஒரு தேவை வரும்.

பத்து வருடங்களின் பின், 1982 ஒக்டோபரில், இந்நாவல் படமாக வந்தது. நாவலில் ரம்போவின் கையால் பலர் மடிகின்றார்கள். படத்திலோ இறப்பவர் ஒரேயொருவர்; அதுவும் ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து. ரம்போ தன் உயிரை மாய்த்துக் கொள்வதாக ஒரு முடிவு படமாக்கப்பட்டு, பரீட்சார்த்தமாகத் திரையிட்ட போது பார்வையாளர்கள் வெறுத்ததால் கைவிடப்பட்டது. இப்போதுள்ள முடிவில் அவன் ட்ரவுட்மனின் தோளில் சாய்ந்து அழுகின்றான், உயிரோடு கைதாகின்றான். உயிரோடு விட்டதனால்தான் 1985இல் இரண்டாம் படம் வர முடிந்தது. சிறையிலிருந்து எடுக்கப்பட்டு வியட்நாமுக்கு அனுப்பப்படும் ரம்போ, அங்கே கைவிடப்பட்ட அமெரிக்கக் கைதிகளை மீட்டு வருகின்றான். உலகெங்கும் ஏறத்தாழ 30 கோடி டொலர் வசூலித்த படம் அது.

இப்படத்தை நாவலாக்கும் பணி மொறலிடமே வந்தது. தான் கொன்றுவிட்ட பாத்திரத்தை அவர் உயிரோடு எழுத வேண்டும். என்ன செய்தார்? நூலின் முகப்பில் ஒரு குறிப்பு எழுதினார். தனது நாவலில் ரம்போ இறந்துவிட்டான் என்பதையும், திரைப்படங்களில் அவன் வாழ்கின்றான் என்பதையும் அக்குறிப்பு ஒளிவு மறைவின்றிச் சொல்கின்றது. பிறகு கதை தொடங்குகின்றது. எங்கள் வட்டத்தில் அதிகம் சிரிக்கப்பட்டதும், அதிகம் யோசிக்கப்பட்டதும் இந்தக் குறிப்புத்தான்.

இனி அபிப்பிராயங்கள்.

முதலில் பேசிய இளைஞர் பல்கலைக்கழக மாணவர். "படத்தில் இருக்கும் வேகம் புத்தகத்தில் இல்லை" என்றார். படத்தைத் தழுவிய எந்த நாவலுக்கும் எந்த நாட்டிலும் முதலில் வைக்கப்படும் குற்றச்சாட்டு இதுவாகத்தான் இருக்கும். ஆயின் இது புத்தகத்தைப் புத்தகமாகப் பார்க்காத அபிப்பிராயம் என்றே நினைக்கின்றேன். கமெராவுக்கு ரம்போவின் தசைநார்கள் போதும். எழுத்துக்கு அவை உதவா. ஆகவே மொறல் உள்ளே போகின்றார். வில்லை வளைக்கும்போது மனம் எவ்வாறு வெறுமையாகின்றது, பழைய சித்திரவதையின் நினைவு எந்த வேளையில் மேலெழுகின்றது என்று நின்று எழுதுகின்றார். வேகம் குறைந்த அந்த இடங்களில்தான் எழுத்தாளர் இருக்கின்றார். வேகமாக ஓடும் இடங்கள் திரைக்கதைக்குச் சொந்தமானவை. இந்த வேறுபாட்டை அந்த மாணவருக்குச் சுட்டிக் காட்டியபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் நல்ல பகுதிகள் எல்லாம் கதை நின்றுபோன இடங்கள்தானே" என்றார். அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுமையான பதில் இல்லை. அந்த நாவலின் பலவீனத்தை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார் என்று படுகின்றது. முதல் நாவலில் மனமும் சம்பவமும் பிரிக்க முடியாதவை. டீஸிலின் தனிமை இல்லாவிட்டால் துரத்தலே இல்லை. இரண்டாவதில் மனம் ஒரு பக்கம், சம்பவம் ஒரு பக்கம்.

இரண்டாவது அபிப்பிராயம் எங்கள் வட்டத்தின் மூத்த கவிஞருடையது. "இலக்கிய வட்டத்தில் ஏன் இந்தச் சரக்கு?" என்பது அவர் கேள்வி. சாகச நாவல் என்றாலே மட்டம் என்ற கருத்து நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கின்றது. அவருக்கு நான் நினைவூட்டியது நம் சொந்த வரலாற்றை. கண்டி தந்த அறிஞர் சித்தி லெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை', இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது, ஒரு சாகசக் கதையல்லவா? எகிப்தில் பிறந்து சிறு பராயத்திலேயே கடத்தப்பட்டவனின் அலைச்சலைச் சொல்வதல்லவா அது? தமிழகத்திலும் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி எழுதியே ஒரு தலைமுறை வாசகரை உருவாக்கினார்கள். சாகசம் என்பதற்காக ஒரு நூலைத் தள்ளிவிட்டால் நாம் நமது வாசற்படியையே தள்ளிவிட்டவர்களாவோம். தழுவல் என்பதும் தன்னளவில் குற்றமன்று. எதைத் தழுவும்போது எதை விட்டுவிடுகின்றோம் என்பதே கேள்வி. கவிஞர் புன்னகைத்தார். "சரி, வாசித்துவிட்டே திட்டுகின்றேன்" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக எழுந்தது எல்லோரையும் சூடேற்றிய விடயம். இளம் ஆசிரியர் ஒருவர், "ரம்போவை நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்? மூன்றாம் படத்தில் அவன் ஆப்கானிஸ்தானுக்குப் போய் நம்மவர்களுக்காகத்தானே போராடினான்? அந்தப் படத்தை முஜாஹிதீன்களுக்கே சமர்ப்பணம் செய்திருந்தார்கள். 2001க்குப் பிறகு அதை மாற்றிவிட்டார்கள்" என்றார். மூன்றாம் படத்துக்கும் மொறலே நாவல் எழுதினார் எனினும், பேச்சு படத்தைப் பற்றியதாகவே போயிற்று. சமர்ப்பணம் மாற்றப்பட்டது என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கின்றது, உண்மையன்று. படம் வெளியான 1988இலேயே அதன் இறுதியில் இருந்த சமர்ப்பணம் ஆப்கானிஸ்தானின் தீரமிக்க மக்களுக்கு என்பதுதான். அக்காலத்து மதிப்புரைகளிலேயே இது பதிவாகியுள்ளது. முஜாஹிதீன்களைப் படம் போற்றுகின்றது என்பது மெய்; ஆயின் சமர்ப்பணத்தை யாரும் பின்னர் திருத்தவில்லை.

வதந்தியைத் திருத்துவதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. அப்படத்தின் ஆப்கானிஸ்தான் பெருமளவில் இஸ்ரேலில் படமாக்கப்பட்டது. போராளித் தலைவர் மசூதாக நடித்தவர் ஒரு கிரேக்கர். ரம்போவுக்கு வழிகாட்டும் மூஸாவாக நடித்தவர் ஓர் இஸ்ரேலிய நடிகர். நடிகர் யாராகவும் இருக்கலாம். அது நடிப்புக் கலை. ஆனால் படம் முழுவதும் ஆப்கானியர்கள் என்ன செய்கின்றார்கள்? குதிரை விளையாட்டு விளையாடுகின்றார்கள், துன்பப்படுகின்றார்கள், வந்தவனைப் பார்த்து வியக்கின்றார்கள், கடைசியில் அவனைக் காப்பாற்றக் குதிரையில் வருகின்றார்கள். அவர்களில் ஒருவருடைய மனதுக்குள்ளாவது நாம் நுழைகின்றோமா? சோவியத் படைகள் வெளியேறத் தொடங்கியது 1988 மே 15. படம் அமெரிக்காவில் வெளியானது மே 25. அதற்குப் பிறகு 2001 ஒக்டோபரில் அதே மலைகளுக்கு அமெரிக்கப் படைகள் போயின. 2021 ஓகஸ்டில்தான் வெளியேறின. ஒரு படம் நம்மைப் புகழ்ந்தது என்பதற்காக அது நம்மைப் பார்த்தது என்று எண்ணிவிடக் கூடாது. புகழ்ச்சி வேறு, பார்வை வேறு. இதை நான் சொன்னபோது ஆசிரியர் சிறிது கோபப்பட்டார். "எல்லாப் படத்திலும் நம்மை வில்லனாகக் காட்டுகின்றார்கள். ஒன்றில் நல்லவனாகக் காட்டினால் அதிலும் குறையா?" என்றார். அவருடைய ஆதங்கம் நியாயமானது. அதனால்தான் இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. வில்லனாக்கப்படுவதும் துணைப்பாத்திரமாக்கப்படுவதும் ஒன்றல்ல. எனினும் இரண்டிலும் கதையின் கண் நம்முடையதாக இருப்பதில்லை.

நான்காவது அபிப்பிராயமே நான் இக்கட்டுரையை எழுதக் காரணமானது. அதைச் சொன்னவர் என் பால்ய நண்பர். ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கின்றார். வட்டத்துக்கு வருவார், மூலையில் இருப்பார், பேசமாட்டார். 1986 அளவில் ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேட்டரும் டெக்கும் வைத்து வீடியோ ஷோ நடந்தபோது அவரும் நானும் அருகருகே இருந்து இரண்டாம் ரம்போ படத்தைப் பார்த்தோம். எங்களுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மறுநாள் இருவரும் நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஊர்ந்தோம். வாப்பாவிடம் அடி வாங்கியதும் நினைவிருக்கின்றது. நான்கு வருடங்கள் கழிந்தன. 1990இன் பின் எங்கள் பக்கத்தில் ஊர்காவற்படை அமைக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. கையில் ஒரு ஷொட்கன் கொடுத்தார்கள். நான் படிப்பதற்காக வெளியூர் போய்விட்டேன்.

அன்றிரவு, டீஸிலின் அத்தியாயமொன்றை நான் தமிழில் சொல்லி முடித்த பின் அவர் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகின்றேன்:

"எனக்குப் படத்துல டீஸில்ட முகமே ஞாபகமில்ல. காட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிறவன்ட முகந்தான் ஞாபகம். வயல் ஓரத்துல காவலுக்கு நிக்கக்குள்ள நானும் அவன்தான் எண்டு நினைச்சேன். ஒரு இரா வரம்பு மேல ஒரு உருவம் வந்திச்சு. ஆரெண்டு கேட்டன். பதிலில்ல. சுட்டன். படயில்ல, அல்லாஹ் காப்பாத்தினான். கிட்டப் போய்ப் பாத்தா, மாடு தேடி வந்த ஒரு தமிழ்க் கிழவன். அவருக்குக் காது கேக்காது. படத்துல இருட்டுக்குள்ள வாற ஆள் ஒருநாளும் மாடு தேடி வந்தவனா இருக்க மாட்டான். இந்தப் பழைய புத்தகத்துல மட்டுந்தான் அங்கால நிக்கிறவனும் ஒரு மனுசன் எண்டு இருக்கு. அப்ப இத ஆரும் எனக்கு வாசிச்சுக் காட்டயில்ல."

அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை.

ஒரு புத்தகம் ஒருவனைச் சுடாமல் தடுத்திருக்கும் என்று நான் வாதிடப் போவதில்லை. அந்தக் காலத்துப் பயத்துக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவை கற்பனையில் பிறந்தவையல்ல. ஆயினும் நண்பரின் சொற்கள் ஒரு விமர்சகன் சொல்லத் தவறியதைச் சொல்லிவிட்டன. 1972இன் நாவலிலிருந்து 1985இன் நாவலுக்கு வரும்போது இழக்கப்பட்டது நாயகனின் மரணம் மட்டுந்தான் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். மொறலின் முகவுரைக் குறிப்பும் அதையே சொல்கின்றது. உண்மையில் அதைவிடப் பெரிய இழப்பு டீஸிலின் அத்தியாயங்கள். எதிரில் நிற்பவனுக்கும் சமமான பக்கங்கள் கொடுக்கப்பட்ட நாவல், எதிரியைச் சுட்டு வீழ்த்துவதற்கான உருவமாக மாற்றிய படமாகி, மறுபடியும் நாவலாகும்போது அந்தப் பக்கங்கள் திரும்பி வரவில்லை. வியட்நாமியச் சிறைக் காவலர்களுக்கோ சோவியத் அதிகாரிக்கோ டீஸிலுக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை. மொறல் திறமையான எழுத்தாளர். ரம்போவின் மனதைத் தன்னால் இயன்றவரை மீட்டெடுத்தார். மற்றவனின் மனதை மீட்கத் திரைக்கதை இடம் தரவில்லை.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே கருதுகின்றேன். எதிரில் இருப்பவனும் மனிதன் என்று காட்டிய கதையில் நாயகன் வாழ்ந்திருக்க முடியாது. செய்த கொலைகளின் கணக்கு அவன் கழுத்தில் தொங்கும். கணக்கைத் தள்ளுபடி செய்தால்தான் அவன் அடுத்த பாகத்துக்கு வர முடியும். அப்படி வந்தவன் அரசியலுக்கும் வசதியானவனாகின்றான். 1985 ஜூனில், பெய்ரூட்டில் விமானப் பணயக் கைதிகள் விடுதலையான வேளையில், முதல்நாள் இரவு ரம்போ படம் பார்த்ததாகவும் அடுத்த தடவை என்ன செய்வதென்று தெரியுமென்றும் ஜனாதிபதி ரீகன் வேடிக்கையாகச் சொன்னார். முதல் நாவலின் ரம்போவை வைத்து எந்த ஜனாதிபதியும் அப்படி வேடிக்கை பேசியிருக்க முடியாது. அந்த ரம்போ கேள்வி கேட்பவன்: என்னைச் செய்தவர்கள் யார்?

மொறலுக்கும் இது தெரியாததன்று. பர்மாவில் நடக்கும் 2008ஆம் ஆண்டுப் படத்தைத் தன் நாவலின் தொனிக்கு நெருங்கியதென்று வரவேற்ற அவரே, 2019இல் வந்த கடைசிப் படத்தைக் கடுமையாக வெறுத்தார். அதைப் பார்த்ததில் தான் சிறுமைப்பட்டதாக உணர்ந்தேன் என்ற கருத்தில் பகிரங்கமாகவே எழுதினார். தான் பெற்ற பிள்ளையை ஊரார் வளர்த்து அனுப்பிய கோலத்தைக் கண்ட தகப்பனின் நிலை அது.

ஆகவே 'ரம்போ பாகம் இரண்டு' நாவல் பற்றிய என் தீர்ப்பு இதுதான். படத்தைத் தழுவிய நாவல்களுள் அது தரமானது. நேர்மையான முகவுரைக் குறிப்பைக் கொண்டது. ஆங்கில வாசிப்பைத் தொடங்கும் இளைஞருக்குத் தடையின்றி ஓடக்கூடியது. ஆனால் அதைத் தனியே வாசிக்கக் கொடுப்பது சரியன்று. 1972இன் நாவலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து, முதலாவதில் இருந்தது இரண்டாவதில் எங்கே என்று கேட்க வேண்டும். நாவல் வாசிப்பைப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

இதை நம் எழுத்தாளர்களுக்கும் சொல்லத் தோன்றுகின்றது. போர்க்காலத்தைப் பற்றி நாம் எழுதியவற்றை அடுக்கிப் பார்த்தால், நம் பக்கத்து அத்தியாயங்கள் நிறைய இருக்கின்றன. அவை எழுதப்பட்டே ஆகவேண்டியவை. இன்னும் எழுதப்படாதவையும் ஏராளம். டீஸிலின் அத்தியாயம் எத்தனை நூல்களில் இருக்கின்றது? வரம்பின் மேல் மாடு தேடி வந்த கிழவரின் பக்கமிருந்து அந்த இரவை எழுதுபவர் யார்?

கூட்டம் கலைந்தபோது நண்பர் 'பெர்ஸ்ட் பிளட்'டை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. மகன் கல்லூரியில் படிக்கின்றான், அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போவதாகச் சொன்னார். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.